ஊதாக் கிழங்கின் மேல் ஒரு வீண்பழி

“இது ஜீன் மாத்தின கிழங்கு, பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க.” ஊதா, ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி கடைக்கு வந்தால் மேல்விஷாரத்திலும் இப்படித் தடுப்பவர்கள் உண்டு. அக்கறையில் சொல்கிறார்கள், ஆனால் சொல்வது தவறு.

நிறத்துக்கான ஜீனை வெளியிலிருந்து புகுத்தினார்கள் என்பதே முதல் குற்றச்சாட்டு. நம் ஊர்ச் செந்தோல் சர்க்கரைவள்ளியை நறுக்கிப் பாருங்கள். சதை வெள்ளை, தோல் சிவப்பு. தோலில் இருக்கும் ஆந்தோசயனின்தான் ஊதாக் கிழங்கின் சதையிலும் இருக்கிறது. அதைச் செய்யும் ஜீன்கள் தோலின் செல்லிலும் சதையின் செல்லிலும் ஒன்றுபோல உண்டு. எங்கே வேலை செய்வது என்பதைத்தான் வேறு சில ஜீன்கள் முடிவு செய்கின்றன. அப்படிப்பட்ட ஒரு ஸ்விட்சை 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஐபிமிப்1 என்ற அந்த ஜீன் ஊதாக் கிழங்கின் சதையில் இயங்கி, நிறமி தயாரிக்கும் ஜீன்களை ஒருசேர எழுப்புகிறது. வெள்ளைச் சதையில் அது பேசாமல் கிடக்கிறது. ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினும் புதிதல்ல. எல்லாச் சர்க்கரைவள்ளியின் இலையிலும் அது உண்டு. ஆரஞ்சு ரகங்களில் கிழங்கிலும் சேர்கிறது.

இந்த ரகங்களை உருவாக்கியது யார்? திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தந்தவைதான் ஆரஞ்சு ரகமான பூ சோனாவும் ஊதா ரகமான பூ கிருஷ்ணாவும். வழக்கமான பயிர்ப்பெருக்க முறையில் தேர்ந்தெடுத்தவை. பூ சோனாவில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். நாம் வழக்கமாகத் தின்னும் ரகங்களில் இரண்டு மூன்றுதான். வைட்டமின் ஏ குறையால் பிள்ளைகளின் கண் கெடும் நாட்டில் இந்தக் கிழங்கையா தள்ளி வைப்பது?

“வெள்ளைதான் இயற்கை” என்பவர்களுக்கு 2015இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகமும் பெருவின் சர்வதேச உருளைக்கிழங்கு மையமும் சோதித்த 291 சாகுபடி வகைகள் அனைத்திலும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரியின் ஜீன்கள் இருந்தன. மனிதன் ஆய்வகம் கட்டுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே நுழைந்தவை. அவற்றைத்தான் தலைமுறை தலைமுறையாக அவித்துத் தின்கிறோம்.

சாய ஊசி போட்ட கிழங்கு என்றும் சிலர் சொல்வார்கள். ஊதாக் கிழங்கு அவித்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், ஆப்பசோடா போட்டால் நீலமோ பச்சையோ ஆகும். ஆந்தோசயனினின் குணம் அது, ஊசியில் ஏற்றிய சாயமல்ல.

சட்டப்படியும் இந்திய வயல்களில் பரவலாகப் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றே, 2002 முதல். மரபணு மாற்றிய பிடி கத்தரியை 2010இல் நிறுத்தி வைத்தார்கள்.

அப்படியானால் சந்தேகமே கூடாதா? கூடும். தோல் ஆலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட வட்டாரம் மேல்விஷாரம். வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில்தான் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்ணுக்குள் விளையும் கிழங்கை வாங்கும்போது, எந்த ஊர் மண், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று விசாரிக்கலாம். வெள்ளைக் கிழங்கானாலும் விசாரிக்கத்தான் வேண்டும்.