மூன்று முறை கேட்டபின்னும் திரும்பிச் செல்லாத விருந்தாளி



பிறர் பொருளில் கைவைக்கும் முன் உடையவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை மக்தபில் ஓதும் ஆறு வயதுக் குழந்தையும் அறியும். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கி, நம் மேசையில் வைத்து, நம் மின்கட்டணத்தில் இயக்கும் கணினிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது என்று மென்பொருள் நிறுவனங்கள் முடிவு செய்துவிட்டன. ‘அப்டேட்’ என்ற பெயரில் அவை நினைத்த நேரத்தில் நுழைகின்றன; நினைத்ததை மாற்றுகின்றன; அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்கின்றன.

இது சிறிய விஷயம் என்று சிலர் சொல்லலாம். ஜமாஅத் அலுவலகத்தில் திருமணச் சான்றிதழுக்காக இரு வீட்டாரும் காத்திருக்கையில், கணினி தானாக அணைந்து, ‘புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்’ என்று திரையில் விழுக்காட்டை எண்ணத் தொடங்கினால் அது சிறிய விஷயமா? மாதக் கடைசியில் மிச்சம் பிடித்து வைத்த டேட்டாவை, கேளாமல் இறங்கிய ஒரு கோப்பு விழுங்கிவிட, வளைகுடாவில் இருக்கும் தந்தையின் முகத்தைக் காணாமல் குழந்தை உறங்கப் போனால் அது சிறிய விஷயமா? நேரமும் பொருளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றைக் கேளாமல் எடுப்பவர் யாராயினும் கேள்விக்குரியவரே.

அனுமதி கோருதல் பற்றி நம் மார்க்கம் வகுத்த ஒழுக்கத்தைச் சற்று நினைவுகூர்வோம். பிறர் வீட்டினுள் நுழையும் முன் அனுமதி பெற வேண்டும், ‘திரும்பிச் செல்லுங்கள்’ எனப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்று சூரத்துந் நூர் 27, 28ஆம் வசனங்கள் கற்பிக்கின்றன. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினீர்கள் என உமர் (ரலி) வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே கற்பித்தார்கள் என்று விடையளித்தார்கள். அதற்குச் சாட்சி கேட்கப்பட்டது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். இந்நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

இந்த ஒழுக்கத்தில் உயிர்நாடியாக நிற்பது ஒன்று: மறுக்கும் உரிமை. மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படுவது அனுமதி ஆகாது. அது வெறும் அறிவிப்பு. இப்போது நம் திரையில் தோன்றும் பெட்டியைப் பாருங்கள். ‘இப்போதே நிறுவு’ என்று ஒரு பொத்தான். ‘பிறகு நினைவூட்டு’ என்று மற்றொன்று. ‘வேண்டாம்’ என்ற பொத்தான் எங்கே? மூன்று முறையல்ல, முப்பது முறை தட்டியும் திரும்பிச் செல்லாத விருந்தாளி இவன்.

நாம் மிகைப்படுத்துவதாக எண்ணுவோருக்கு நடந்த வரலாறு ஒன்றைக் கூறுகிறோம். 2015 ஜூலை 29 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10ஐ வெளியிட்டது. பழைய விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தோருக்கு ஓராண்டு இலவசம் என்றது. இலவசம் தருவதில் தவறில்லை, ஏற்பவர் ஏற்கட்டும். ஆனால் கேளாதவர்களின் கணினிகளிலும் அதன் பெரிய கோப்புகள் ஓசையின்றி இறங்கின. 2016 மே மாதத்தில் எல்லை முற்றாக மீறப்பட்டது. அறிவிப்புப் பெட்டியின் மூலையில் உள்ள சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், குறித்த நேரத்தில் புதுப்பிக்கச் சம்மதித்ததாக அது எடுத்துக்கொள்ளப்பட்டது. ‘போ’ என்று சாத்திய கதவை ‘வா’ என்று பொருள் கொண்டார்கள்!

கலிபோர்னியாவில் பயண முகவர் ஒருவர், தாம் கேளாமல் வந்த இந்தப் புதுப்பிப்பால் தம் கணினி பயனற்றுப் போனதென வழக்குத் தொடுத்து 10,000 டாலர் தீர்ப்புப் பெற்றார். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2016 ஜூன் இறுதியில்தான் அந்தப் பெருக்கல் குறிக்கு அதன் இயல்பான பொருளைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபொசெலா, தாங்கள் எல்லை மீறியதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

பேசாதவர் மீது ஒரு சொல்லை ஏற்றிக் கூற இயலாது என்பது ஃபிக்ஹின் பெயர்பெற்ற விதி. உஸ்மானியரின் மஜல்லா சட்டத் தொகுப்பில் 67ஆம் பிரிவாகவும் அது இடம்பெற்றது. மௌனம் சம்மதமாகும் இடங்களும் உண்டு. அவை பேச வேண்டிய தேவை உள்ள இடங்கள் எனச் சட்ட அறிஞர்கள் வரையறுத்தார்கள். மௌனத்துக்கே இத்தனை கவனம் என்றால், மறுப்பையே சம்மதமாகத் திரிப்பதை என்னவென்பது?

‘பாதுகாப்புக்காகத்தானே செய்கிறார்கள்?’ என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது; பாதுகாப்புத் திருத்தங்கள் தேவை என்பதில் நமக்கு ஐயமே இல்லை. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்ற தீநிரல் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் வரை பல நாடுகளின் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்குரிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. நிறுவாமல் விட்டவர்கள் இடருக்கு ஆளானார்கள். ஆனால் ஒழுகும் கூரையைச் செப்பனிடுவது வேறு, அந்தச் சாக்கில் வீட்டின் அறைகளை மாற்றிக் கட்டுவது வேறு. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தோடு புதிய தோற்றத்தையும், நாம் கேளாத செயலிகளையும், விளம்பரங்களையும் கட்டி அனுப்புவதுதான் நம் குற்றச்சாட்டு. இந்தக் கலப்படத்தால் சலித்த மக்கள் தேவையான திருத்தத்தையும் சேர்த்தே வெறுக்கிறார்கள். ஆக, பாதுகாப்புக்கு ஊறு செய்வோர் அந்நிறுவனங்களே.

மேலும், வருவதெல்லாம் நன்மையாகவும் இருப்பதில்லை. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு, நிறுவிய சிலரின் சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டதால் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. ‘சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்பவர் அறியாதவர் அல்லர், நிதானம் உடையவர். அந்த நிதானத்துக்கான வாய்ப்பு வீட்டுப் பதிப்பை வைத்திருந்த சாதாரண மக்களுக்கு 2019 மே மாதப் புதுப்பிப்போடுதான் வந்தது. அதுவும் 35 நாள்களுக்கு மட்டும்!

‘ஒப்பந்தத்தில் “சம்மதம்” என்று அழுத்தினீர்களே?’ என்பார்கள். பக்கம் பக்கமாகச் சட்ட ஆங்கிலத்தில் எழுதி, ஏற்காவிட்டால் வாங்கிய பொருளையே பயன்படுத்த முடியாது என நிறுத்திப் பெற்ற சம்மதம் அது. வணிகத்தில் இரு தரப்பாரின் மனப்பொருத்தம் வேண்டும் என்று ஓதி வளர்ந்த நாம், கட்டாயத்தை மனப்பொருத்தம் என அழைக்க மாட்டோம்.

நம் கோரிக்கை எளியது. பாதுகாப்புத் திருத்தம் தனியாக வரட்டும். மற்றவை தனியாக வரட்டும். என்ன மாறுகிறது என்பதைத் தெளிந்த தமிழில் சொல்லட்டும். ‘வேண்டாம்’ என்றொரு பொத்தான் இருக்கட்டும். அழுத்தினால் அதற்கு ‘வேண்டாம்’ என்றே பொருளாகட்டும்.

அதுவரை நம்மால் இயன்றதை நாம் செய்வோம். கணினியின் செட்டிங்ஸில் வேலை நேரத்தைக் குறித்து வைத்தால், அந்நேரத்தில் அது தானாக அணைந்து எழுவதைத் தடுக்கலாம். இணைய இணைப்பை அளவிட்ட இணைப்பு எனக் குறித்தால் பெரிய கோப்புகள் கேளாமல் இறங்குவது பெரிதும் குறையும். தேர்வு, திருமணப் பதிவு போன்ற நாள்களுக்கு முன்பே புதுப்பிப்பை நிறுத்தி வைத்து, ஓய்வான நாளில் மறவாமல் நிறுவுங்கள். முக்கியக் கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் படி எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது, பிள்ளைகளுக்கு நாம் கற்பிப்பது. திரையில் எது தோன்றினாலும் படித்துப் பாராமல் ‘ஓகே’ அழுத்தும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றி வருகிறது. சம்மதம் என்பது கனமான சொல். கொடுக்கும் முன் சிந்திக்கவும், தேவையானால் மறுக்கவும் பழக்குவோம். நிக்காஹ் மேடையிலும் வாக்குச்சாவடியிலும் கடன் பத்திரத்திலும் நாளை அவர்களுக்குக் கைகொடுக்கப் போவது இந்தப் பழக்கமே, இன்ஷா அல்லாஹ்.