மறைப்பது வேறு, தீர்ப்பது வேறு

"பதப்படுத்திய திசு செத்த திசு. அதை உடம்பு நிராகரிக்காது." பன்றி, மாட்டுத் திசுவில் செய்த இதய வால்வுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். இது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு விலை கொடுப்பவர்கள் இளம் நோயாளிகள்.

1965இல் பாரிஸில் பன்றியின் வால்வை மனிதருக்குப் பொருத்தினார்கள். அந்த ஆரம்பகால வால்வுகள் நிலைக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த அலன் கார்பன்டியே 1960களின் கடைசியில் குளூட்டரால்டிஹைடைக் கொண்டுவந்தார். தோல் பதனிடுகிறவர்களுக்கும் பழக்கமான வேதிப்பொருள் அது. கொலாஜன் இழைகளைப் பிணைத்து இறுக்கும், அந்நியப் புரதங்களின் அடையாளத்தையும் பெருமளவு மறைக்கும். வால்வுகள் வருடக்கணக்கில் உழைத்தன. அந்தச் சாதனையோடு எனக்குச் சண்டையில்லை.

அதோடு கதை முடிந்துவிட்டது என்கிறார்களே, அதோடுதான் சண்டை. என் தொழிலான மென்பொருளில் இது தினசரிக் காட்சி: எரர் ஏன் வருகிறது என்று பார்க்காமல், திரையில் தெரியாதபடி அமுக்கிவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவது.

இங்கே அமுக்கப்பட்ட எரரின் பெயர் ஆல்ஃபா-கால். பன்றி, மாட்டுத் திசுக்களில் இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறு. பரிணாமத்தில் நம் முன்னோர் அதை உருவாக்கும் திறனை இழந்துவிட்டார்கள். ஆனால் நம் குடல் பாக்டீரியாக்கள் அதே மாதிரி சர்க்கரைகளைச் சுமப்பதால், அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் சின்ன வயசிலிருந்தே நம் ரத்தத்தில் தயாராக இருக்கின்றன. குளூட்டரால்டிஹைடு முக்கியமாகப் பிடிப்பது புரதத்தை. சர்க்கரை தப்பிவிடுகிறது. ஆன்டிபாடி போய் ஒட்டுகிறது. இப்படிப்பட்ட சர்க்கரைகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் வால்வில் கால்சியம் படிவதிலும் வால்வு சிதைவதிலும் பங்கு வகிக்கின்றன என்று 2022இல் நேச்சர் மெடிசின் இதழில் விரிவான ஆய்வே வந்தது.

எழுபது வயதுக்காரருக்கு அந்த வால்வு ஆயுசுக்கும் போதுமானதாக இருக்கலாம். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு? இளம் உடம்பில் அது இன்னும் சீக்கிரம் கெடும். மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க வார்ஃபரின். கர்ப்பத்தில் அந்த மாத்திரை கருவையே பாதிக்கலாம். ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் இளைஞர்களின் வால்வைக் கெடுக்கும் இந்தியாவில் இதைச் சின்ன விஷயமாகத் தள்ள முடியாது.

"அப்போ செல்லையெல்லாம் கழுவி எடுத்துட்டா போச்சு" என்பவர்கள் வியன்னாவை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். செல் நீக்கியதாகச் சொல்லப்பட்ட பன்றி வால்வுகளை 4 குழந்தைகளுக்குப் பொருத்தினார்கள். மூவர் இறந்தார்கள். கழற்றிய வால்வுகளில் கடும் அழற்சி. பொருத்தாத வால்வுகளைச் சோதித்தபோது, அவற்றிலேயே செல்கள் முழுசாகப் போகவில்லை என்று தெரிந்தது. 2003இல் வெளியான முடிவு இது. நீக்கிவிட்டோம் என்று சொல்வதும் நீங்கிவிட்டதா என்று சோதிப்பதும் ஒன்றல்ல.

காரணத்தையே அகற்றும் வழி இன்று இருக்கிறது. ஆல்ஃபா-கால் மரபணு நீக்கப்பட்ட பன்றிகளுக்கு 2020 டிசம்பரில் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. 2022 ஜனவரியில் பால்டிமோரில், மூன்று சர்க்கரை மரபணுக்கள் முடக்கப்பட்ட பன்றியின் முழு இதயத்தையே ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். முழு இதயம் மிகக் கடினமான பரீட்சை. வால்வு அதைவிட எளியது. அப்படியிருந்தும் பேரும் பரபரப்பும் முழு இதயத்துக்குத்தான்.

இந்தப் பன்றிகளின் வால்வுகளை இளம் வயதினரிடம், வருடக்கணக்கில் பின்தொடர்ந்து சோதிக்க வேண்டும். வால்வு நோயாளிகளில் பெரும்பாலானோர் முதியவர்கள், இருப்பதே அவர்களுக்குப் போதும் என்பது வியாபாரக் கணக்கு. அதை மருத்துவத்தின் முடிவு என்று நம் தலையில் கட்டாதீர்கள். இந்த டிக்கெட் இன்னும் திறந்துதான் இருக்கிறது.