சேனையா? சீம்பாலா?

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழனிக்குப் போய், மொட்டையடித்து, பஞ்சாமிர்த டப்பாவுடன் திரும்புகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். அப்படியே கொடைக்கானலுக்கும் ஏறி, மலைத்தேன் ஒரு புட்டி வாங்கி வருகிறவர்களும் உண்டு. பெரியவர்கள் இவற்றைத் தின்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ருசியான பண்டம், தின்றுவிட்டுப் போகட்டும். ஆனால் பிரசாதம் என்றும் சேனை என்றும் பேர் வைத்துப் பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவுகிறார்களே, அதைப்பற்றித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

பிள்ளை பிறந்தவுடன் நல்ல குணமுள்ள ஒருவர் கையால் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ சேனையாக வைத்தால், அவருடைய குணம் பிள்ளைக்கு வருமாம். இது மெய்யானால் தலைமுறை தலைமுறையாகச் சேனை வைத்துவரும் நம் ஊர்களில் ஒரு அயோக்கியனாவது இருக்கலாமா என்று கேட்கின்றோம்.

அதே சமயத்தில், தாயிடம் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறமான சீம்பாலைக் “கெட்ட பால்” என்று பீய்ச்சிக் கொட்டிவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நோயை எதிர்க்கும் சக்தி நிறைந்தது அந்தப் பால்தான். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் அதைக் கொடுக்கவேண்டும், 6 மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அமிர்தத்தைக் கொட்டிவிட்டு, அமிர்தம் என்று பேர் வைத்த பண்டத்தை ஊட்டுவது எந்த ஊர் நியாயம்?

தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். சாதாரணமாகக் காய்ச்சினாலும் அது சாகாது. பெரியவர்கள் வயிற்றில் அது முளைப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலிலோ முளைத்து விஷத்தை உண்டாக்கும். மலம் கட்டும், அழுகை ஈனமாகும், பால் உறிஞ்ச முடியாது, கைகால் துவளும், மூச்சும் நிற்கலாம். இந்நோயை வைத்தியர்கள் 1976-ல்தான் கண்டுகொண்டார்கள். அபூர்வமாகத்தான் வரும்; ஆனால் வேண்டாத ஒரு சடங்குக்காக அந்த அபாயத்தை ஏன் வாங்கவேண்டும்? பஞ்சாமிர்தத்திலும் தேன் உண்டு என்பதை மறக்கவேண்டாம்.

“எங்கள் பாட்டன் காலமுதல் வைக்கின்றோம், நாங்கள் பிழைத்துத்தானே இருக்கின்றோம்” என்பார்கள். பிழைத்தவர்கள் பேசுகிறார்கள், செத்துப்போன குழந்தைகள் வந்து சாட்சி சொல்லுமா?

பழனி மலையின் நன்மையைக் குழந்தைக்குக் கொடுக்க ஆசையிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் மலைவாழைப்பழத்தை 6 மாதம் முடிந்தபின் நன்றாக மசித்துக் கொடுங்கள். கொடைக்கானல் உருளைக்கிழங்கையும் காரட்டையும் வேகவைத்துப் பருப்புச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். கேழ்வரகுக் கூழும் முட்டையும் கொடுங்கள். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை வாங்கி அந்தக் குழந்தைக்கே கொடுங்கள். மாதந்தோறும் எடை போட்டுப் பாருங்கள். தாய்ப்பாலை 2 வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

ஆனால் பால் கொடுக்கவேண்டிய தாயின் வயிற்றில் என்ன இருக்கிறது? மலையில் காப்பித் தோட்டத்திலும் காய்கறிக் காட்டிலும் கூலி வேலை செய்யும் பெண், வீட்டில் எல்லோரும் தின்றபின் மிச்சத்தைத் தின்கிறாள். பிள்ளை மெலிந்தால் பழியும் அவள் தலையிலேயே விழுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-ல் சர்க்கார் ஏற்படுத்திய பிரசவ உதவித் திட்டம், ஏழைத் தாயின் ஊட்டத்துக்காக ஏற்பட்டது. அந்தப் பணத்தை எடுத்து மொட்டைக்கும் விருந்துக்கும் செலவழிப்பது குழந்தையின் சோற்றில் மண்ணைப் போடுவதேயாகும்.

ஆண்மக்களே! பிள்ளைபெற்ற பெண்ணுக்கு முதலில் சோறு போடுங்கள். தண்ணீர் சுமப்பதையும் விறகு சுமப்பதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள், அதோடு பேசுங்கள், விளையாடுங்கள். சேனைக் கிண்ணத்தை நீட்டும் பெரியவரிடம் “வேண்டாம்” என்று சொல்லும் தைரியம் முதலில் தகப்பனுக்கு வரவேண்டும். பிள்ளைபெற்று அலுத்துக் கிடக்கும் பெண் ஒருத்தியே அந்தச் சண்டையையும் போடட்டும் என்று விட்டுவிடுவது சுயமரியாதைக்காரனுக்கு அழகல்ல.