கானோ வீட்டு வாசலில் கேட்கப்பட்ட கேள்வி

ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் தடுப்பூசி முகாமில் நம் ஹாஜிகளுக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். குழந்தைகளுக்கான மருந்து பெரியவர்களுக்கு எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. கிருமி மனிதர்களோடு சேர்ந்து பயணம் செய்கிறது என்பதுதான் காரணம். உலகம் இதைக் கசப்பாக உணர்ந்த இடங்களில் ஒன்று, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வட நைஜீரியாவின் கானோ மாநிலம்.

2003-ல் அம்மாநில அரசு போலியோ சொட்டு மருந்தை நிறுத்தி வைத்தது. முஸ்லிம்களின் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் பொருள் அதில் கலக்கப்பட்டிருக்கிறது என்ற பேச்சு பரவியிருந்தது. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் நைஜீரிய ஷரீஆ உச்ச சபையின் தலைவர். அவர் படித்த மருத்துவரும்கூட. மேற்கத்திய ஊடகங்கள் பலவும் இதை மதத்தின் பெயரால் நடக்கும் அறியாமை என்று எழுதி முடித்துக்கொண்டன.

கானோ மக்களின் நினைவில் வேறொன்று இருந்தது. 1996-ல் அங்கே மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் தன் புதிய மருந்தொன்றைச் சுமார் 200 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தது. பாதிப் பேருக்குப் புதிய மருந்து, மீதிப் பேருக்குப் பழைய மருந்து. அவர்களில் 11 குழந்தைகள் இறந்தனர். முறையாகச் சம்மதம் கேட்கவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். நோய்தான் காரணம், மருந்தல்ல என்றது நிறுவனம். 2009-ல் 7.5 கோடி டாலர் தருவதாகக் கானோ மாநிலத்துடன் சமரசம் ஆனது. இப்படி ஒரு காயம் ஆறாமல் இருக்கும்போது, இன்னொரு வெளிநாட்டு மருந்து இலவசமாக வாசலுக்கு வந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் சந்தேகத்துக்கு நியாயம் இருந்ததால் மருந்தில் குற்றம் இருந்தது என்றாகிவிடாது. சொட்டு மருந்து கிடைக்காத குழந்தைகளின் கால்கள் முடங்கின. வைரஸ் எல்லைகளைத் தாண்டியது. சூடான், யமன் என்று பரவியது. கடைசியில் இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத்தான் கானோ ஏற்றுக்கொண்டது, முஸ்லிம் நாட்டுத் தயாரிப்பு என்ற நம்பிக்கையில். மறு வருடம், 2005-ல், அதே இந்தோனேசியாவில் சுமார் 300 பேர் போலியோவுக்கு ஆளாயினர். அந்த வைரஸின் மூலம் மேற்கு ஆப்பிரிக்கா என்று மரபணு ஆய்வு காட்டியது.

தடை நீங்கிய பிறகும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. பர்தா முறை இறுக்கமாக உள்ள ஹௌஸா வீடுகளுக்குள் அந்நிய ஆண்கள் போக முடியாது. போலியோவுக்கு அங்கே 'ஷான் இன்னா' என்று பெயர். அது ஒரு தீய ஆவியின் வேலை என்ற பழைய நம்பிக்கையும் இருந்தது. இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பெண்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தைக் காசு கொடுத்து வாங்குகிறேன், குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, நாங்கள் கேட்காத இதை மட்டும் ஏன் வீடு தேடி வந்து இலவசமாகத் தருகிறீர்கள்?

என் பார்வையில், அந்த ஊர்களின் சுகாதார நிலையைப் பற்றிய ஆகச் சரியான ஆய்வு இந்தக் கேள்விதான். இதை 'மறுப்பு' என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன காலம் வரை வேலை நகரவில்லை.

2009-ல் சொகோட்டோ சுல்தான் தலைமையில் வடக்கின் பாரம்பரியத் தலைவர்கள் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டனர். 2012 முதல் யுனிசெஃப் அந்தந்த ஊர்ப் பெண்களையே தன்னார்வலர்களாக நியமித்தது. அவர்கள் கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தார்கள். குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெயர் சூட்டும் வைபவத்துக்குப் போய், அங்கேயே சொட்டு மருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள். சோப்பும் மலேரியா மாத்திரையும் தரும் முகாம்களும் சேர்ந்துகொண்டன. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால் தாய்மார்கள் கேட்டார்கள். இந்த வேலைக்குக் கொடுத்த விலையும் அதிகம்: 2013 பிப்ரவரியில் கானோவில் சொட்டு மருந்துப் பணியில் இருந்த பெண்கள் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

நைஜீரியாவில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாகக் காணப்பட்டது 2016-ல், போர்னோவில். 2020 ஆகஸ்ட் 25 அன்று ஆப்பிரிக்கக் கண்டமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் தடுப்பு மருந்து பெறாத குழந்தைகள் அதிகமுள்ள இடங்களில், சொட்டு மருந்திலுள்ள பலவீனமாக்கப்பட்ட வைரஸே காலப்போக்கில் மாற்றமடைந்து மீண்டும் நோயைப் பரப்பும். வட நைஜீரியா இப்போது அதனோடு போராடுகிறது.

அந்தத் தாய்மாரின் கேள்விக்கும் முழுப் பதில் வந்தபாடில்லை. உலகில் மலேரியாவால் பாதிக்கப்படுபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நைஜீரியர். போலியோ சொட்டு மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. காய்ச்சல் மருந்துக்குப் பல கிராமங்களில் இன்னும் கையிலிருந்துதான் காசு போகிறது.