உயிர் போன பிறகுதான் ஆதாரமா?

“யாரும் சாகவில்லையே, ஒரு மென்பொருள் பிழைக்காக நோயாளி கண்காணிப்புக் கருவியை ஏன் திரும்பப் பெற வேண்டும்?” என்று கேட்கிறார்கள். ஆபத்தான கேள்வி.

2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கான்டெக் நிறுவனத்தின் சிஎம்எஸ்8000 என்ற நோயாளி கண்காணிப்புக் கருவியைப் பற்றி எச்சரித்தது. இணையத்தில் இணைத்தால் நோயாளி விவரம் வெளியே போகும். வெளியாள் ஒருவர் கருவியை இயக்கவும் முடியும். அப்போது மரணமோ காயமோ பதிவாகவில்லை என்பது உண்மைதான். இந்தக் குறை திட்டமிட்ட சதியல்ல, மோசமான வடிவமைப்பு என்று கிளாரோட்டி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சொன்னதும் உண்மை. ஆனால் திரையில் தவறான எண் தெரிந்தால் தாதி ஓடி வரமாட்டார். ஏற்கெனவே நோயுற்றவர் இறந்தால் பழி நோயின் மேல்தான் விழும், கருவியை யார் சோதிப்பார்கள்? பதிவாகவில்லை என்பது நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

இக்கருவி ஐரோப்பாவிலும் புழங்கியது. டென்மார்க்கின் வைலே நகர மருத்துவமனையில் எங்கள் முதியவர்களும் படுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 விதி, கடும் தீங்கு நேருமுன் தடுக்கும் திருத்த நடவடிக்கையையும் உற்பத்தியாளர் அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. சட்டமே சாவுக்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் மட்டும் ஏன் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?