எரிபொருள் அழுத்தமும் நம் பட்டறைகளும்

இந்திய மோட்டார்த் தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும் வடசென்னையைத் தொடாமல் போய்விட முடியாது. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி லாரித் தொழிலில் நிலைபெற்றது. அதே ஆண்டில் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரைப் புல்லட்டின் தாய்வீடாக்கியது. 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. யந்திரமும் அதற்கு ஊற்றும் எண்ணெயும் கூப்பிடு தூரத்தில் உற்பத்தியாகும் இந்தப் பிரதேசத்திலேயே, டர்போ பெட்ரோல் காரை வாங்கிய சூட்டோடு அதன் சக்தியைக் கூட்டப் புறப்படும் இளைஞர்கள், டர்போவுக்கும் இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் டியூனிங்குக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, எரிபொருளின் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கேஜைப் பொருத்திப் பார்க்க மட்டும் மறந்துவிடுவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

விஷயம் நுட்பமானதே தவிரக் கடினமானதன்று. இன்ஜெக்டரின் ஒரு பக்கத்தில் பம்ப் தள்ளிக்கொண்டு வரும் பெட்ரோலும், மறு பக்கத்தில் மேனிஃபோல்டில் நிற்கும் காற்றும் இருக்கின்றன. துளை திறந்து மூடும் சில மில்லி விநாடிகளுக்குள் எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பதை நிர்ணயிப்பது இவ்விரண்டின் அழுத்தங்களுக்கும் இடையேயுள்ள வித்தியாசம். பெட்ரோல் 3 பார் அழுத்தத்தில் வருகிறதென்று வைத்துக்கொண்டால், டர்போ 1 பார் காற்றை எதிரே நிறுத்தும்போது வித்தியாசம் 2 பாராகச் சுருங்கிவிடுகிறது. பாய்ச்சல் அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் சுமார் 18 சதவீதம் குறைந்துபோகிறது. காற்று ஏறத்தாழ இரட்டித்து, அதற்கேற்ற பெட்ரோலை யந்திரம் கேட்கிற அதே கணத்தில் வரவு குறைகிறதென்றால், கலவை மெலிந்து, நாக்கிங் தோன்றி, பிஸ்டனின் தலை உருகுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த விபரீதத்தைத் தடுக்கவே அநேக யந்திரங்களில் பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் தலையிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு சிறு ரப்பர்க் குழாய் ஓடுகிறது. காற்று 1 பார் ஏறினால் பெட்ரோலும் 1 பார் ஏறி 4 ஆகும். வித்தியாசம் 3-லேயே நிற்கும். வண்டி நின்ற இடத்தில் யந்திரம் மெல்ல ஓடும்போது கேஜின் முள் ஏறக்குறைய 2.4-ல் இருக்க, அந்தக் குழாயைக் கழற்றியதும் முள் 3-க்குத் தாவினால் ரெகுலேட்டர் கடமையைச் செய்கிறதென்று அர்த்தம். கழற்றிய குழாயில் பெட்ரோல் நெடி வீசினால் உள்ளேயிருக்கும் டயாஃபிரம் கிழிந்துவிட்டதென்று அர்த்தம். ரெகுலேட்டரை டாங்குக்குள்ளேயே வைத்துக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடும் கார்களிலும், சிலிண்டருக்குள் நேராக 200 பாருக்கு மேல் பீய்ச்சும் புதிய கார்களிலும் இந்தச் சோதனைக்கு இடமில்லை. ஆயினும் டாங்கிலிருக்கும் சிறு பம்ப் சோர்ந்தால் 200 பாருக்கு அழுத்தும் பெரிய பம்பும் பட்டினிதான்.

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் துறைமுக லாரிகளுக்கு டீசல் பம்ப் பார்த்துத் தலை நரைத்த மெக்கானிக்குகளுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. பழைய டர்போ லாரிகள் பலவற்றின் பம்பின்மேல் ஒரு டயாஃபிரம் அறை உண்டு. டர்போவின் காற்று மெல்லிய குழாய் வழியே அதில் புகுந்து அழுத்தினாலொழியப் பம்ப் முழு டீசலை விடாது. அந்தக் குழாயில் விரிசல் கண்டால் வண்டி இழுக்காது. நிதானமுள்ளவர் குழாயை மாற்றுவார்; அவசரக்காரர் பம்பின் ஸ்குருவைத் திருகி டீசலைக் கூட்டிவிடுவார்; பிறகு அந்த லாரி மேம்பாலம் ஏறும்போது கக்குகிற கரும்புகையை, பின்னால் ஸ்கூட்டரில் வரும் நாமெல்லோரும் சுவாசிக்கிறோம். "பிரஷரை ஏத்து, பிக்கப் வந்துடும்" என்று கார்ப் பட்டறைகளில் இப்போது சொல்லப்படும் வைத்தியமும் இந்த ஸ்குரு வைத்தியத்தின் வாரிசே என்பது என் அபிப்பிராயம்.

ஏனெனில் அழுத்தத்தைக் கூட்டுவது இலவசமாகக் கிடைக்கும் லாபமன்று. வித்தியாசத்தை 3 பாரிலிருந்து 4-க்கு உயர்த்தினால் இன்ஜெக்டரின் பாய்ச்சல் 15 சதவீதமே கூடுகிறது. பம்போ எதிர்த்துத் தள்ளவேண்டிய அழுத்தம் ஏற ஏறக் குறைவாகவே தரும். பெரிய பம்பை வாங்கிப் போட்டுவிட்டு ரிட்டர்ன் லைனைப் பழைய குறுகலான அளவிலேயே விட்டுவிட்டால், திரும்பிப் போக வழியில்லாத பெட்ரோல் இன்ஜெக்டர்களுக்குப் பகிரும் குழாயான ஃப்யூயல் ரெயிலில் தேங்கி, வண்டி சும்மா நிற்கும்போதுகூட அழுத்தம் இறங்க மறுக்கும். இவற்றைக் காட்டிலும் நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. கடற்காற்றின் உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து படியும் எண்ணூர்ப் பக்கத்துக் கார்களில், பம்பின் எர்த் ஒயர் முனையைக் கழற்றிப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருக்கும். பாட்டரியில் 13.5 வோல்ட் இருந்தும் பம்புக்கு 11.5 மட்டுமே போய்ச் சேருமானால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பம்பானாலும் பாதி உயிரோடுதான் ஓடும். தனி ரிலேயும் கனமான ஒயரும் போடுகிற சில நூறு ரூபாய் வேலையை முதலில் செய்யாமல் பம்பை மாற்றுகிறவர் நோயாளியை விட்டுவிட்டுக் கட்டிலை மாற்றுகிறார்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. சுத்தமான பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 பங்கே தேவை. அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பம்புக்கு இதுவும் ஒரு சுமை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டும் பட்டறை எதுவானாலும், எரிபொருளின் அழுத்தம் நின்ற நிலையில் எவ்வளவு, முழு லோடில் எவ்வளவு, அவ்வேளையில் பம்புக்குப் போன வோல்ட் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் பில்லோடு எழுதித் தரவேண்டும். முழு லோடில் எடுக்காத அளவுக்கு மதிப்பில்லை. நின்ற இடத்தில் எல்லாப் பம்புகளும் யோக்கியமானவையே.

இதற்கு எழும் ஆட்சேபம் அற்பமானதன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் வந்த திருத்தமோ வண்டியின் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ உண்டென்கிறது. தான் துணைபோன குற்றத்துக்குத் தானே சாட்சிப் பத்திரம் எழுதித் தர எந்தப் பட்டறைக்காரர் முன்வருவார்? சட்டம் அவசியமே, பொதுச் சாலையில் பரீட்சை நடத்த எவருக்கும் உரிமையில்லை. ஆனால் சைலன்ஸர் சத்தத்தைப் பிடிக்கும் அதிகாரியின் கண்ணுக்கு டாங்குக்குள்ளிருக்கும் பம்ப் தெரியாததால், வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. கணக்கு மட்டும் எழுதப்படுவதில்லை. அதை எழுதத் தொடங்க ஓர் இடம் உண்டு. 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நம் வடக்கெல்லைக்கு அப்பாலிருந்த சோழவரத்து யுத்தகால விமானத்தளத்தில் பந்தயம் நடத்திப் பழகி, 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் பெயர்ந்தது. பந்தயத் தடத்தில் மட்டுமே ஓடும் வண்டிகளுக்கேனும், தடத்தில் இறங்குமுன் அந்த மூன்று எண்களும் கொண்ட சீட்டைக் காட்டவேண்டுமென்று ஒரு விதியை அங்கிருந்தே தொடங்கலாம். அதற்குச் சட்டத்தைத் திருத்தவேண்டிய தேவையும் இல்லை.