விமானச் சீட்டுக்கு யார் முன்பணம் தருவது?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு கூலி நெசவாளியிடம் போய், "பட்டும் ஜரிகையும் உன் காசில் வாங்கிக்கொள், சேலையை நெய்து முடி, ரசீதைக் காட்டு, பிறகு பணம் தருகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். பாவையும் ஊடையையும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ முதலில் கொடுத்தாக வேண்டும். கூலியை அமுக்குகிற முதலாளிக்கும் இது தெரியும். (முன்பணம் கொடுத்தே பிள்ளைகளைத் தறியில் கட்டிப்போட்ட கதையும் காஞ்சிபுரத்துக்கு உண்டு. அது தனியாகப் பேச வேண்டியது.)

ஆனால் நம் நாட்டில் அறிவியலுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கு இது தெரியவில்லை.

கணித இயற்பியலில் மூன்றாண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு நடக்கும். 2024 ஜூலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்தது. கோடானுகோடி எலெக்ட்ரான்களும் அணுக்கருக்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தும் பருப்பொருள் ஏன் நொறுங்கிச் சுருங்கிவிடவில்லை என்பது இந்தத் துறையின் பழைய கேள்விகளில் ஒன்று. 1967இல் டைசனும் லெனார்டும் அதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம், கரும்பலகை போதும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான துறை உண்டா?

தடை பயணத்தில் வருகிறது. இளம் ஆய்வாளர்களை வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்ப எஸ்.இ.ஆர்.பி. நடத்திய பயண உதவித் திட்டத்தில், ஆய்வாளர் முதலில் கைக்காசில் போய்வர வேண்டும். திரும்பி வந்து ரசீதுகளை அனுப்பினால் பணம் வரும். ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். அதில் வீட்டுக்கு அனுப்பியது போக மீதியில் விமானச் சீட்டு, பதிவுக் கட்டணம், 90 யூரோ ஷெங்கன் விசா. விசாவுக்கு வங்கிக் கணக்கில் இருப்பும் காட்ட வேண்டும். அப்பா பேராசிரியராக இருந்தால் இது ஒரு மாதக் கைமாற்று. அப்பா தறியில் உட்கார்ந்திருந்தால், சேரியில் கூலி வேலை பார்த்தால், இது கந்துவட்டி. விதியில் சாதி எழுதப்படவில்லை, வடிகட்டுவது மட்டும் சரியாக நடக்கிறது.

"கட்டுரைகள் எல்லாம் இணையத்தில் இலவசம், எதற்குப் பயணம்?" என்பார்கள். கட்டுரை இலவசம்தான். தேநீர் இடைவேளையில் நடக்கும் பேச்சு இணையத்தில் வருவதில்லை. முனைவர் பட்டத்துக்குப் பிறகான வேலையும் பரிந்துரைக் கடிதமும் அங்கேதான் முளைக்கின்றன. முகம் தெரியாதவரை யார் பரிந்துரைப்பார்கள்? லாகூரில் இந்தத் தனிமையை அனுபவித்த அப்துஸ் சலாம்தான் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தேவில் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கி, ஏழை நாட்டு ஆய்வாளர்களைச் செலவு கொடுத்து வரவழைத்தார்.

சின்ன வயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டில் வளர்ந்த இராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் போகச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுனும் கப்பல் செலவும் கொடுத்தது. கப்பல் சீட்டை நீயே வாங்கிப் போ, பிறகு தருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க் போனார். பணம் முதலில் வந்ததால்தான் இருவரும் கப்பல் ஏறினார்கள்.

2023இன் சட்டத்தால் எஸ்.இ.ஆர்.பி.யின் இடத்துக்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் வந்திருக்கிறது. அது முதலில் மாற்ற வேண்டியது இந்த விதியைத்தான். அரசு ஊழியருக்குப் பயண முன்பணம் உண்டு, ஆய்வு மாணவருக்கு ஏன் இல்லை? தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் பட்டப்படிப்புக்கு உதவுகிறது. ஒரு வார மாநாட்டுக்கும் அதில் ஒரு சிறு தலைப்பு திறக்கலாம்.

தோழர்களே, ஆர்.டி.ஐ. மனுவுக்கு 10 ரூபாய்தான். கேளுங்கள்: கடந்த ஐந்தாண்டில் இந்தப் பயண உதவி எத்தனை பேருக்குக் கிடைத்தது, அதில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை பேர், அனுமதி கிடைத்தும் போகாதவர்கள் எத்தனை பேர், ரசீது அனுப்பியபின் பணம் வர எத்தனை நாள் ஆனது.